காஜா தைத்து மூடிய சட்டை

இரண்டு கைகளிலும் கம்பளிக் காலுறைகளை மாட்டிக்கொண்டு, தால்சு ஒரு சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கொரியாவின் குன்சான் சந்தையில், வயதானவர்களுக்குத் துணி விற்கும் மல்சுனின் கடை அது. துறைமுகத்திலிருந்து ஏறி வந்த மூடுபனி கதவிடுக்கில் நுழைந்து, தொங்கிய சட்டைக் கைகளுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது. கண்ணுக்கு நேரே இருக்கும் பொத்தான் விரலுக்கு அகப்படாமல் போகும் என்று இந்த எழுபத்தாறு வயதில் அவர் நினைத்ததே இல்லை.

"எத்தனை போட்டீங்க?" என்றாள், அந்தக் காலுறைகளை அவர் கையில் மாட்டிவிட்ட மல்சுன்.

"ஒண்ணுகூட இல்ல."

"நீங்க அந்தக் காலுறையைக் கழட்டி வச்சிட்டுப் போயிடுவீங்க. உங்க வீட்டம்மா எதைக் கழட்டி வப்பாங்க?"

தால்சுவின் மனைவி ஓக்பூன் நாற்பது வருடம் சிகையலங்காரக் கடை நடத்தியவள். அந்த விரல்களுக்கு நடுக்கவாதம் வந்து மூன்று வருடமாகிறது. காலையில் அடுப்பில் சூப் கொதிக்கும் அவசரத்தில், கழுத்துவரை அவளுக்குப் பொத்தான் போட்டுவிடுவது அவர்தான். ஒரு நிமிடம்கூட ஆகாது. அப்போதெல்லாம் அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைப் பொறுமை என்று நினைத்திருந்தார். போன இலையுதிர் காலத்தில், தம்பி மகள் கல்யாணத்தில், கழிவறைக்குள் அவள் கால்சட்டைக் கொக்கி சமயத்துக்குக் கழலவில்லை. இடுப்பில் அவருடைய கோட்டைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பியவள், அதற்குப்பின் வாசல் தாண்டவில்லை. போன வாரம் சமையலறையில் தன் கால்சட்டை நுனியைத் தானே மிதித்து விழுந்தாள். முட்டி நீலம்பாரித்துப்போனதைப் பார்த்த பிறகுதான் அவர் இந்தக் கடையைத் தேடி வந்தார்.

மல்சுன் எலாஸ்டிக் இடுப்பு வைத்த கால்சட்டை ஒன்றை எடுத்தாள். கணுக்காலோடு நிற்கும் நீளம். "தரையைத் தொடக் கூடாது. கையும் தொளதொளன்னு இருந்தா கதவுப் பிடியில மாட்டி இழுத்துடும்." காந்தப் பொத்தான் வைத்த சட்டையை நோக்கிப் போன கை பாதியில் நின்றது. "நெஞ்சுல பேஸ்மேக்கர் ஏதும் வச்சிருக்காங்களா?"

"வச்சு ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப காந்தம் கிட்டயே வரக் கூடாது. வெல்க்ரோ ஒட்டுப்பட்டைதான்."

வீட்டில் ஓக்பூன் பையைப் பிரித்து, சாம்பல் நிறச் சட்டையை மடியில் விரித்துப் பார்த்தாள். கைகள் நடுங்கின, குரல் நடுங்கவில்லை.

"பெரியவரே, இதை எந்த ஆஸ்பத்திரியில திருடிட்டு வந்தீங்க?"

"மெத்துனு இருக்கு, தொட்டுப் பாரு."

"போர்வைகூடத்தான் மெத்துனு இருக்கு. அதைச் சுத்திக்கிட்டு வரட்டுமா? என்னைப் பாத்தா உங்களுக்கு நோயாளியாத்தான் தெரியுது."

அவர் தரையில் உட்கார்ந்தார். கடையில் காலுறை மாட்டிக்கொண்டு பட்ட பாட்டைச் சொன்னார். "ஒண்ணுகூடப் போட முடியல. கோவத்துல பல்லால இழுத்தேன். அந்தப் பொம்பள, பிஞ்சா காசு கொடுக்கணும்னு கத்துனா."

ஓக்பூன் அவரையே பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவருக்குக் கணக்குத் தெரியவில்லை. அவளே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், அலமாரியிலிருந்து முத்துப் பொத்தான் வைத்த ஊதா மேல்சட்டையைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள்.

"செய்யுறதுன்னா இதுல செய்யச் சொல்லுங்க. அந்தக் கால்சட்டை இருக்கட்டும்."

மல்சுனுக்கு அது இரண்டு நாள் வேலை. காஜாக்களைத் தைத்து மூடி, அவற்றின் மேல் முத்துகளை வைத்துத் தைத்தாள். வெல்க்ரோ உள்ளே ஒளிந்துகொண்டது. தூரத்திலிருந்து பார்த்தால் பழைய சட்டையேதான்.

மூன்றாம் நாள் காலை, தால்சு பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். ஓக்பூன் அவரை அறைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அவர் அடுப்படியில் நின்றார். உள்ளே துணி உரசும் சத்தம். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு 'சர்ர்க்' என்று வெல்க்ரோ பிரிந்தது. தப்பாக ஒட்டியிருப்பாள். மறுபடி அமைதி, மறுபடி 'சர்ர்க்'. கதவுப் பிடிமேல் போன கையை இழுத்துக்கொண்டார். சட்டியில் மீன் ஒரு பக்கம் கருகியது. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி எதிர்வீட்டை விழுங்கியது, மதிலை விழுங்கியது, மதில்மேல் இருந்த பூனையையும் விழுங்கியது. ஒரு கிழவி சட்டை போட்டு முடிப்பதற்காக ஊரே மூச்சடக்கி நிற்பதுபோல் இருந்தது.

கதவு திறந்தது. சட்டை ஒரு படி ஏறுமாறாக ஒட்டியிருந்தது; இடது ஓரம் இறங்கி, கழுத்துப் பக்கம் கொஞ்சம் தூக்கிக்கொண்டு. அவர் விரல்கள் துறுதுறுத்தன. கைகளைக் கால்சட்டைப் பைக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டார்.

"எப்படி?" என்றாள்.

"மீன் கருகிப்போச்சு."

"அதை யாரு கேட்டா? கெளம்புங்க, கடல் பக்கம் போலாம்."

ரப்பர் அடி வைத்த காலணி சத்தமே போடவில்லை. தெரு முனைவரை அவர் தோளைப் பிடித்து வந்தவள், படகுத்துறைக் கைப்பிடிக் கம்பி எட்டியதும் தோளை விட்டுவிட்டாள். அவர் இரண்டடி பின்தங்கினார். வெண்மைக்குள் அந்த ஊதா நிறம் மங்கிற்று, தெளிந்தது, மறுபடி மங்கிற்று. எங்கோ ஒரு படகின் இயந்திரம் துடித்துக்கொண்டிருந்தது, படகு தெரியவில்லை. ஓக்பூன் கம்பியைப் பிடித்தபடி, நடுங்கும் மறு கையைச் சத்தம் வந்த திசையில் உயர்த்தி ஆட்டினாள். இயந்திரச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தது.