பதில் போடாத நாட்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அவனிடம், டேட்டிங் செயலியில் பழக்கமான நர்ஸ் ஒருநாள், "உங்ககூட இருந்தா மனசு லேசாகுது" என்றாள். இவ்வளவு நம்புகிறாளே என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. பதில் போடுவதை நிறுத்தினான். பிறகு, இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு பேசுவது என்ற கூச்சம்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லித் தொலையேன்டா" என்றாள் அக்கா.

"சொன்னா அழுதுடுவா."

"சொல்லாட்டி மட்டும் சிரிப்பாளா?"

மறுநாள் கடையில் ஆளில்லாத நேரத்தில் "மன்னிச்சிடுங்க" என்று அனுப்பினான். உடனே பதில் வந்தது.

"நல்லாத்தான் இருக்கீங்களா? உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு தினமும் ட்யூட்டிக்கு வந்ததும் எமர்ஜென்சி வார்டுல தேடினேன். இனிமே தேட வேண்டியதில்ல."

அவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று நினைத்தான். மறுபடி எழுதியபோது அவள் படம் மறைந்திருந்தது. செய்தி போய்ச் சேரவில்லை. கடை மூடும் நேரமாகியும், துடைத்த கண்ணாடிகளையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.