மீல்ஸ் இரண்டு, தயிர்சாதம் இரண்டு

என் மச்சான் ரமணா இதுவரை எனக்கு ஒரு டீ வாங்கித் தந்தது கிடையாது. அப்படிப்பட்டவன் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சித்தூர் பக்கம் குடிபாலாவில் எங்கள் வீட்டுக்கு வந்து, திருப்பதியில் இருக்கிற தீம் பார்க்குக்கு நான்கு டிக்கெட்டை எடுத்துக் கட்டில் மேல் வைத்தான்.

"இன்னாடா இது?" என்றேன்.

"மண்டியில குடுத்தாங்க மாமா. ஞாயித்துக்கெழமைக்கு. அக்காவையும் பசங்களையும் இட்டுக்கினு போ. எத்தினி நாளைக்குதான் சென்ட்ரிங் பலகையையே பாத்துக்கினு இருப்ப?"

ரமணா பலமனேரில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். தக்காளி மண்டியில் அழுகிய தக்காளி கொடுத்தார்கள் என்றால் நம்பலாம். தீம் பார்க் டிக்கெட் எங்காவது கொடுப்பார்களா?

இன்னொன்றும் உறுத்தியது. போன மாதம்தான் இதே கட்டிலில் உட்கார்ந்து, "பலமனேர் பக்கம் ஒரு நல்ல எடம் இருக்குது, நம்ம பவ்யாவுக்கு" என்று ஆரம்பித்தான். நான் பேசவே விடவில்லை. பவ்யா என் மூத்த மகள். பத்தொன்பது வயது. சித்தூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். படிப்பு முடிகிறவரை கல்யாணப் பேச்சு கிடையாது என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டின முதல் ஆள் அவள். அதை நடுவில் நிறுத்த நான் விடுவதாக இல்லை.

டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் சின்னவள் ஹர்ஷினி அதை எடுத்து மோந்து பார்த்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் குதித்தாள். ஏழாவது படிக்கிறவள். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் போய் வந்துவிட்டார்களாம். சரி என்றேன்.

டிக்கெட் ஓசி, சோறு ஓசி இல்லையே. திருப்பதியில் என்னோடு வேலை செய்கிற ஜெபகுமார் கோடையில் பிள்ளைகளோடு போய் வந்தவன். அவனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "வெளிச் சாப்பாடு உள்ள வுட மாட்டாங்கண்ணா. உள்ள மீல்ஸ் நூத்தியெண்பது, தயிர்சாதம் தொண்ணூறு. தண்ணி பாட்டில் மட்டும் வாங்கிடாத, குழாய் இருக்குது" என்றான்.

கரண்டு பில்லின் பின்பக்கம் எழுத உட்கார்ந்தேன். காலையில் வீட்டு இட்லி, கேட்டுக்கு வெளியே. மதியம் மீல்ஸ் இரண்டு, தயிர்சாதம் இரண்டு, நான்கு பேருக்கும் பங்கு. ஹர்ஷினிக்கு ஒரு ஐஸ்கிரீம் அறுபது. சாயங்காலம் வெளியே வந்து வண்டிக்கடையில் பஜ்ஜி, டீ நூறு. ஆகமொத்தம் எழுநூறு. ஆட்டோவுக்கு வரும்போது நூற்றியிருபது தனி. ஆந்திராவில் இப்போது பெண்களுக்கு பஸ் இலவசம். எனக்கு மட்டும்தான் டிக்கெட். அந்த பஸ் பணத்தை மட்டும் வேறு பையில் வைத்தேன்.

என் பெண்சாதி கன்னிகா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "துன்னறதுக்கு சீட்டு எழுதற ஆள இப்பதான் பாக்கறேன்."

"எழுதலைன்னா எவனாவது நம்ம தலையில எழுதிடுவான்."

ஞாயிற்றுக்கிழமை விடிய நான்கு மணிக்கே புளி கொதிக்கிற வாசனை. எழுந்து போய்ப் பார்த்தால் கன்னிகா புளியோதரை கிளறிக்கொண்டிருக்கிறாள்.

"வெளிச் சோறு உள்ள வுட மாட்டான்னு சொன்னேன் இல்ல?"

"வுடலைன்னா வெளிய வந்து துன்னலாம். தண்ணியில ஆடினா பசங்களுக்குப் பசிக்கும்யா."

பெரிய எவர்சில்வர் டப்பாவில் அழுத்தி அழுத்தி வைத்தாள். பையைத் தூக்கினேன். அரை மூட்டை சிமெண்ட் மாதிரி கனத்தது. நான்கு பேருக்கு இவ்வளவா? பைக்குள் இன்னொரு பிளாஸ்டிக் கவரும் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். இரண்டு முழம் மல்லிப்பூ.

"குளிக்கப் போற எடத்துக்கு பூ எதுக்கு?"

"திருப்பதிக்குப் போறோம். பூ இல்லாம போவாங்களா?" என்று கவரைப் பிடுங்கிக்கொண்டாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பார்க் கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் இட்லியை முடித்தோம். காவல்காரன் பையைத் திறந்தான், டப்பா மூடியைத் திறந்தான், குனிந்து ஒரு தடவை நன்றாக மோந்தான். "லோபலிக்கு ஒத்து, உள்ள கூடாது. சாயங்காலம் வாங்கிக்கோங்க" என்று எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை ஒன்றைக் கொடுத்தான். டப்பாவை அவன் எங்கே வைக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

பிள்ளைகள் தண்ணீரில் ஆடினார்கள். உயரத்திலிருந்து குழாய் வழியாக வழுக்கிக்கொண்டு வந்து விழுகிற விளையாட்டில் பவ்யா ஒன்பது தடவை விழுந்தாள். அவள் அப்படிக் கத்திச் சிரித்து நான் பார்த்ததில்லை. பன்னிரண்டு மணிக்குக் கன்னிகா அவளைக் கூப்பிட்டு, தலை துவட்டி, தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போடச் சொல்லி, அந்தப் பூவை வைத்துவிட்டாள்.

"எதுக்கும்மா இப்ப?" என்றாள் பவ்யா.

"ஒரு போட்டோ புடிக்கலாம்னுதான்."

எங்களிடம் நல்ல போன் கிடையாது.

சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்ததும், "இன்னா மாமா! நீங்களும் இன்னைக்கேவா வந்தீங்க?" என்று ஒரு குரல். ரமணா. தேதி போட்ட டிக்கெட்டைக் கொடுத்தவனே அவன்தான்.

அவனோடு மூன்று பேர். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், நகை போட்ட ஒரு அம்மா, தலையை வழித்துச் சீவிய ஒரு பையன். "இவர்தான் எங்க மண்டி ஓனர் கங்கையா. இது கமலம்மா அக்கா. பையன் பவன்குமார். எதேச்சையா வந்தாங்க."

நான் மூன்று பேரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். ஒருத்தர் உடம்பிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தீம் பார்க்குக்கு வந்து கால்கூட நனைக்காதவர்கள் எதற்கு வந்தார்கள்?

"ரண்டி ரண்டி, உக்காருங்க!" என்றார் கங்கையா. "எல்லாருக்கும் சேத்து சொல்லியாச்சு. பையன் பணமும் கட்டிட்டான்."

நீளமான மேசை. அதன் மேல் ஃபிரைடு ரைஸ், மீல்ஸ் தட்டுகள், அப்பளம், குலாப்ஜாமூன். என் சீட்டில் எழுதாத பண்டமெல்லாம் அங்கே இருந்தது. கமலம்மா நகர்ந்து இடம் விட்டு, "நீ இப்டி எம் பக்கத்துல வாம்மா" என்று பவ்யாவைப் பார்த்துச் சொன்னார். அந்த அம்மாவின் கண் பவ்யாவின் கால் நகத்தில் ஆரம்பித்து மெதுவாக மேலே வந்தது.

எனக்கு விளங்கிவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பேச்சு நடக்கிற இரண்டு குடும்பத்தில், முடிவாகிறவரை ஒருத்தர் சோற்றில் ஒருத்தர் கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் இல்லை என்று சொன்னால் ஊர் காறித் துப்பும். வீட்டுக்கு வந்து கேட்டால் நான் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டேன் என்று ரமணாவுக்குத் தெரியும். அதனால்தான் வெளிச் சோறு விடாத, உள்ளே யானை விலை விற்கிற இடமாகப் பார்த்துக் கூட்டி வந்திருக்கிறான். பசித்த கூலிக்காரன் ஓசிச் சோற்றை விடமாட்டான் என்று கணக்கு.

"கன்னிகா, உனக்குத் தெரியுமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"இன்னா தெரியுமா?" என்று அவள் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நாங்க வேற வாங்கிக்கிறோம்ணா. நீங்க சாப்டுங்க" என்று கங்கையாவிடம் சொல்லிவிட்டுக் கூப்பன் கொடுக்கிற இடத்துக்குப் போனேன். போர்டில் தெலுங்கும் இங்கிலீஷும்தான். எனக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து மட்டும். ஆனால் விலை எந்த மொழியிலும் விலைதான். ஜெபகுமார் சொன்னது சரியாக இருந்தது. மீல்ஸ் இரண்டு, தயிர்சாதம் இரண்டு. ஐந்நூற்று நாற்பது. தட்டுகளைப் பக்கத்து மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

பவ்யா வந்து என் எதிரே உட்கார்ந்தாள். தலையிலிருந்த பூவை எடுத்து மேசையில் வைத்தாள். கன்னிகா இரண்டு மேசைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, மானத்த வாங்காத! தாய்மாமன் எனுக்கு உரிமை இல்லியா?" என்று ரமணா பல்லைக் கடித்தான்.

"டீ வாங்கித் தர உரிமை உனக்கு இருபது வருஷமா இருக்குது. அத மொதல்ல செய்."

கங்கையா சிரித்தார். சிரித்துக்கொண்டே மேசையின் கோடியைக் காட்டினார். அங்கே ஹர்ஷினி உட்கார்ந்து ஃபிரைடு ரைஸைப் பாதி முடித்திருந்தாள். வாய் நிறைய சோறு. அவளை நான் கவனிக்கவே இல்லை.

"உங்க வூட்டுக் கைதான் நனைஞ்சிடுச்சே வேங்கடாசலம்? அப்புறம் இன்னாத்துக்கு தனி மேசை?"

நான் எழுந்து அவர் மேசைக்குப் போனேன். "சின்னப் புள்ள துன்னது கணக்குல வராது."

"டிக்கெட்டும் எம் பணம்தான்யா. அதுல உள்ள வந்து ஆடினீங்க. சோறு மட்டும் ஆவாதா?"

"டிக்கெட்ட ரமணாதான் எனக்குத் தந்தான். அவன் எங்க வூட்ல துன்ன சோத்துல அத கழிச்சிக்கிறேன். ஆடறதுக்கு வழக்கம் எதுவும் இல்ல. சோத்துக்குத்தான் இருக்குது."

சட்டைப் பைக்குள் கையை விட்டேன். மிச்சம் நூற்றியறுபது. ஆட்டோப் பணத்தில் கை வைத்தேன். ஃபிரைடு ரைஸ் போர்டில் இருநூறு என்று இருந்தது, ஆனால் மேலே வரி அது இது என்று ஏதாவது இருக்குமோ என்று இருநூற்றியிருபதாக எடுத்துக் கங்கையா முன்னால் நீட்டினேன். அவர் கையை மடக்கி வேட்டிக்குள் வைத்துக்கொண்டார். "நான் தொட மாட்டேன்" என்றார்.

பவ்யா எழுந்து வந்தாள். என் கையிலிருந்து பணத்தை வாங்கி, நேராகப் பவன்குமார் முன்னால் வைத்தாள்.

"பணம் கட்டினது நீங்கதான? எந் தங்கச்சி துன்னதுக்கு இது. நான் இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணும்."

அந்தப் பையன் அதுவரை வாய் திறக்கவில்லை. அவனுடைய போன் மேசை மேல் கவிழ்ந்து கிடந்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் தன் அப்பாவைப் பார்க்காமல் பணத்தை எடுத்தான். எண்ணினான். இருபது ரூபாயைத் திருப்பி பவ்யாவிடம் கொடுத்தான்.

"இருநூறுதாங்க. வரி அதுலயே சேந்துடுச்சு."

"ரேய்!" என்றார் கங்கையா.

"வுடு நைனா. வாங்கியாச்சு."

அவன் முகத்தில் வெயிலில் நடந்து வந்தவன் நிழலில் உட்கார்ந்த மாதிரி ஒரு தெளிவு. அந்தப் போனில் கூப்பிடுவது யார் என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. நல்ல பையன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கன்னிகா ஹர்ஷினியின் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்தாள். "எனக்கு குலாப்ஜாமூன்" என்று ஹர்ஷினி அழுதாள். பசியோடு இருந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பவ்யா மட்டும் மீல்ஸில் இருந்த எல்லாவற்றையும், ஊறுகாய் உட்பட, துடைத்துச் சாப்பிட்டாள்.

சீட்டில் எழுதினது எல்லாம் கலைந்துவிட்டது. கையில் எண்பது ரூபாய். நான்கு பேருக்கு ஆட்டோவுக்குப் பத்தாது. பத்தாத பணத்தை வைத்து என்ன செய்வது என்று அறுபதுக்கு ஹர்ஷினிக்கு ஐஸ்கிரீம் வாங்கினேன். அதைப் பார்த்ததும் அவளுக்கு குலாப்ஜாமூன் மறந்துவிட்டது.

சாயங்காலம் வில்லையைக் கொடுத்து டப்பாவை வாங்கினேன். கையில் தூக்கி எடை பார்த்தேன். காவல்காரன் முறைத்தான். மூடியைத் திறந்தும் பார்த்தேன். காலையில் அழுத்தின கைத்தடம்கூட அப்படியே இருந்தது.

மலையடிவாரத்தில் இருக்கிற அலிபிரி வரைக்கும் நடந்தோம். மலைப் படி ஏறப் போகிறவர்களும் இறங்கி வந்தவர்களும் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மரத்தடியில் நாங்களும் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். நான்கு பேரும் வயிறு முட்டச் சாப்பிட்டும் பாதிக்கு மேல் மீந்தது.

"எம்மா," என்றாள் பவ்யா, "எத்தினி பேருக்கு செஞ்ச?"

கன்னிகா விரலிலிருந்த எண்ணெயைப் புடவையில் துடைத்தாள். "எட்டுப் பேருக்கு." அப்புறம் என் பக்கம் திரும்பி, "தெரியும்யா. ரமணா சொன்னான். பொண்ண பாத்துட்டு மட்டும் போவட்டும்னு நெனச்சேன். அவங்க நம்ம சோறு துன்னுட்டாங்கன்னா, நாளைக்கு நகை அது இதுன்னு வாயத் தொறக்க முடியாது இல்ல? அதுக்குதான் இத்தினி செஞ்சேன். கேட்ல புடுங்கிக்கினான்" என்றாள்.

"நான் படிக்கறது?" என்றாள் பவ்யா.

கன்னிகா டப்பாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவளைச் சந்தேகப்பட்டேன். சந்தேகம் சரியாகவும் போய்விட்டது. அதில் ஒரு சந்தோஷமும் இல்லை.

"நாளைக்கு காலைல காலேஜுக்கு போற," என்றேன் பவ்யாவிடம். "அம்மாவே டிபன் கட்டித் தருவா. இன்னா கன்னிகா?"

"கட்டறேன்," என்றாள் அவள், தலையைத் தூக்காமல். அப்புறம், "பூவத் தூக்கிப் போட்டுட்டியாடி?" என்றாள்.

"பையில இருக்குது."

மீந்த சோற்றை என்ன செய்வது? பக்கத்து மரத்தடியில் மொட்டை போட்ட ஒரு குடும்பம், படி இறங்கிய களைப்பில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. கன்னிகா டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்தக் கூட்டத்தில் இருபத்தைந்து வயசில் ஒரு மொட்டைத்தலை தெரிந்தது. நான் கன்னிகாவின் முந்தானையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவர்களில் ஒரு பெரியவரைக் கேட்டேன்.

"பெரியவரே, தப்பா நெனச்சிக்காதீங்க. இந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சேப்பா. அதோ மருமவ தண்ணி புடிக்கப் போயிருக்கா. ஏன் கேக்கற?"

"ஒண்ணும் இல்ல. புளியோதரை துன்னுங்க," என்றேன்.

பவ்யா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. கன்னிகா டப்பாவை நீட்டினாள். தண்ணீர்ப் பாட்டிலோடு ஒரு பெண் வந்து அந்தப் பையன் பக்கத்தில் உட்காருகிறாளா என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.