அக்கா அறை பார்க்க வந்த ஞாயிறு

என் அறை நான்காவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. கட்டில், நான், ஒரு வாளி. மூன்று பேரும் ஒரே நேரத்தில் நகர முடியாது. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் நலம் விசாரிக்கும். இதைத்தான் போனில் அக்காவிடம் "நல்ல காத்தோட்டம்" என்று வர்ணித்திருந்தேன்.

அக்கா ஊருக்கு வெளியே புதிதாக வீடு கட்டியிருந்தாள். மாடியில் எனக்கென்று ஓர் அறை, இரண்டு பெரிய ஜன்னல். மூன்று வாரம் அங்கே இருந்தும் பார்த்தேன். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் கடைசி பஸ் எட்டரைக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை முடிந்து நண்பர்களோடு டீக்கடையில் நிற்பேன். ஒருவன் கதையை ஆரம்பித்துச் சூடு பிடிக்கும்போது பஸ்ஸுக்கு ஓடுவேன். மூன்று வாரமும் எந்தக் கதைக்கும் எனக்கு முடிவு தெரியாது. இருபத்தாறு வயதில் இது சின்ன இழப்பில்லை. நகரத்துக்கே திரும்பிவிட்டேன்.

அக்கா விடுவாளா? "ஞாயித்துக்கிழமை நானும் மாமாவும் வரோம். மனுஷன் இருக்கற இடம் மாதிரி இருந்தா இருந்துக்கோ. இல்லேன்னா அன்னிக்கே பெட்டியைக் கட்டு."

சரி என்றேன். அம்மா போனபிறகு எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். நேரில் வந்து ஒரு தடவை "வாடா" என்றால் போதும், என் வீரமெல்லாம் கரைந்துவிடும்.

ஆகவே மோசடியில் இறங்கினேன். எங்கள் கட்டடத்தில் யாரிடம் என்ன இருந்தாலும் எல்லோருக்கும் பொது. ஒரே இஸ்திரிப் பெட்டி ஐந்து அறைகளைச் சுற்றி வரும். எதிர் அறை நர்ஸிடம் இரண்டு நாற்காலி இரவல் வாங்கினேன். கீழே கடை வைத்திருக்கும் டெய்லரிடம் நீலப் பூப்போட்ட திரை ஒன்றை வாங்கி ஜன்னலில் மாட்டினேன். சுவர் மறைந்தது. அறைக்கே ஒரு களை வந்துவிட்டது.

அக்கா மூச்சிரைக்க ஏறி வந்தாள். பின்னாலேயே மாமா, ஒவ்வொரு மாடியிலும் நின்று "இன்னும் இருக்கா மாப்ளே?" என்று கேட்டபடி.

நாற்காலியில் உட்கார்ந்து அக்கா கண்ணாலேயே அறையை அளந்தாள். "பரவாயில்லையேடா. திரையெல்லாம் போட்டிருக்கே."

"சும்மா, ஒரு ரசனைதான்," என்றேன்.

கதவு திறந்தது. டெய்லர். அவருக்குப் பின்னால், புதுப் பேன்ட்டைக் கையில் பிடித்தபடி கனத்த உடம்புக்காரர் ஒருவர்.

"தம்பி, தப்பா நினைக்காதே. திரையை உங்கிட்ட குடுத்துட்டேன்ல, ட்ரையல் ரூம் இப்ப தெருவுக்கே திறந்து கிடக்கு. சார் வெக்கப்படறாரு. இங்கேயே போட்டுப் பாத்துக்கட்டும்."

டெய்லர் திரையைக் கழற்றி மூலையில் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். கனத்தவர் அதற்குப் பின்னால் போனார். ஜன்னலில் சுவர் வந்து நின்றது.

"காத்தோட்டம்," என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

அடுத்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "சாரிங்க, எனக்கும் ஆள் வந்திருக்கு. ஒரு நாற்காலி மட்டும். அக்கா எந்திரிக்க வேண்டாம், சார் உக்காந்திருக்கறது போதும்."

காப்பியடித்து மாட்டிக்கொண்டவர் போல மாமா எழுந்து நின்றார்.

"இந்த ரூம்ல உன்னோடது என்னதாண்டா இருக்கு?" என்றாள் அக்கா.

"கட்டில்."

"அது ஓனரோடதும்மா," திரைக்கு மேலிருந்து டெய்லர் உதவினார்.

"அப்ப வாளி," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. "எங்கிட்டயே பொய்யா? நான் என்ன போலீஸா?"

"நீ வான்னா வந்துடுவேன்க்கா. அந்தப் பயம்தான். அங்க ஒரு குறையும் இல்லை. ஆனா அங்க நான் உன் தம்பி, அவ்வளவுதான். இங்க நான் யாருன்னு இன்னும் தெரியல. தெரிஞ்சுக்கலாம்னு பாக்கறேன்."

இவ்வளவு நீளத்துக்கு நான் உண்மை பேசியது எனக்கே புதிது. திரைக்குப் பின்னால் பெல்ட் சத்தம்கூட நின்றுவிட்டது.

கனத்தவர் மெல்ல வெளியே வந்தார். "நாளைக்குப் புது வேலைல சேரணும். உண்மையைச் சொல்லுங்கம்மா, எப்படி இருக்கு?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினாள். "இடுப்பு சரி. நீளம்தான் தரையைக் கூட்டுது."

"நானும் அதைத்தான் சொன்னேன், காதுல வாங்கல," என்றார் டெய்லர்.

நர்ஸ் குண்டூசி கொண்டுவந்தாள். அக்கா குனிந்து மடித்துக் குத்தினாள். மாமா போன் விளக்கைப் பிடித்தார். நர்ஸைப் பார்க்க வந்தவளும் அந்த நாற்காலியோடு இங்கே வந்து யோசனை சொன்னாள். அந்த அறையில் ஏழு பேர், எட்டு கருத்து. நடுவே அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். வீடு கட்ட ஆரம்பித்ததிலிருந்து நான் கேட்காத சிரிப்பு.

எல்லோரும் போனபிறகு, "ரூம் கண்றாவியா இருக்கு," என்றாள்.

"ஆமாக்கா." கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை எடுக்கக் குனிந்தேன்.

"அதை எதுக்கு இழுக்கறே? மாசம் ரெண்டு ஞாயிறு வீட்டுக்கு வரணும். போன்ல கதை விடக் கூடாது. மாடி ரூமுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

"நான் இருந்துக்கட்டுமா?" என்று ஆசையாகக் கேட்டார் மாமா.

அக்கா திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் ஒரு மாடி இறங்கியிருந்தார்.