பெருநாள் கூட்டத்தில் முன்தசிர்

தலைமுக்காட்டைச் சரிசெய்ய ஒரு கணம்தான் கையை விட்டாள் இன்ஷிராஹ். மறுபடி நீட்டியபோது அந்தச் சின்ன விரல்கள் அங்கே இல்லை.

"பையன் எங்கே?"

"உன்கூடத்தானே நின்னான்?" என்றான் கணவன் ஜாபிர்.

பெருநாளின் இரண்டாம் நாள். கெய்ரோவின் அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் எள் போட இடமில்லை. ஐந்து வயது மகனுக்கு ராட்டினம் காட்டுவதற்காகத் தங்கள் ஊரான ஸோஹாகிலிருந்து ரயில் ஏறி வந்திருந்தார்கள். இப்போது அவள் கண்ணில் ராட்டினம் படவில்லை. படகு விடும் குளம் மட்டும் பட்டது. அதன் கரையில் கம்பித் தடுப்பு முழங்கால் உயரம்கூட இல்லை. குளத்துக்கு அப்பால் வாசல், வாசலுக்கு வெளியே கார்கள் பாயும் சாலை. குளமா, சாலையா என்று மனம் மாறி மாறி ஓடியது.

ஜாபிர் அவளை இழுத்துக்கொண்டு அறிவிப்பு அறைக்குப் போனான். அங்கே இருந்த ரஷா என்ற பெண் சூயிங்கம் மென்றுகொண்டே சிரித்தாள்.

"பயப்படாதக்கா, எல்லாம் கிடைச்சிடும். நேத்து ஒருத்தரு மாமியாரைத் தொலைச்சிட்டு வந்து நின்னாரு. தேடணுமான்னு கேட்டேன், யோசிச்சிட்டுத்தான் பதில் சொன்னாரு. பிள்ளை பேரு என்ன?"

"முன்தசிர். உன் குரல் கேட்டா மிரண்டுடுவான் தங்கச்சி. நானே கூப்பிடுறேன்." ஜாபிர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டான்.

"முன்தசிர்! ஏ முன்தசிர்! அறிவிப்பு அறைக்கு வா!"

குரல் பூங்கா முழுவதும் முழங்கியது. இன்ஷிராஹ் வாசற்படியில் நின்று பார்த்தாள். பலூன் பிடித்த பிள்ளைகள், அப்பாவின் தோளில் ஏறிய பிள்ளைகள். எல்லாம் யாரோ பெற்றவை. ஜாபிர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் அவள் தன்னை அறியாமலே அவனை நோக்கி ஓரடி உள்ளே வைத்தாள். ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

பிறகு விளங்கியது.

ஸோஹாகில் ஆண்கள் நாலு பேர் நடுவில் மனைவியின் பெயரைச் சொல்வதில்லை. மகன் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவார்கள். ஜாபிர் தெருவிலிருந்து "முன்தசிர்!" என்று குரல் கொடுத்தால், கையைத் துடைத்தபடி ஓடுவது இவள்தான். பையன் விளையாட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்த மாட்டான். அவனை ஜாபிர் கூப்பிடுவது செல்லமாக 'பாஷா' என்றுதான்.

"நிறுத்துங்க," என்றாள். "அவன் காதுல விழாம இல்ல. என்னைக் கூப்பிடுறீங்கன்னு நினைச்சு உக்காந்திருக்கான்!"

ஜாபிர் ஒலிவாங்கியை மறுபடி உயர்த்தினான். "அப்போ பாஷான்னு..."

"வேணாம்ணே," என்றாள் ரஷா. "பாஷான்னா பாதிப் பூங்கா இங்க ஓடி வரும். வீட்டுக்கு வீடு ஒரு பாஷா இருக்கான்."

இன்ஷிராஹ் கையை நீட்டினாள். ஜாபிர் தயங்கினான்.

"இவ்வளவு ஆம்பளைங்க கேட்க... நீயா?"

"கேட்கட்டும். குளம் இருக்குங்க அங்க."

அவன் ஒலிவாங்கியைக் கொடுத்தான். உதட்டருகே கொண்டுபோனபோது சொந்த மூச்சே பெரிதாகக் கேட்டு அவளைப் பயமுறுத்தியது. சந்தையில்கூடக் குரலைத் தாழ்த்தியே பேசிப் பழகியவள்.

"முன்தசிர், அம்மா பேசுறேன்டா. அப்பா கூப்பிட்டது என்னை இல்ல, உன்னை. இருக்கிற இடத்தைவிட்டு நகராதே கண்ணு. பக்கத்துல யாராவது அத்தை இருந்தா சட்டையைப் பிடிச்சு இழு. 'நான்தான் முன்தசிர்'னு சொல்லு."

இரண்டாம் முறை சொல்லும்போது குரல் உடைந்தது. ஒலிவாங்கியை வைத்துவிட்டு வாசற்படிக்கு ஓடினாள். குளத்தின் நீர் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பருத்த பெண் வந்தாள். கையில் முன்தசிர். முகமெல்லாம் பஞ்சு மிட்டாய்.

"மோதுற கார் பக்கத்துல சட்டமா உக்காந்திருந்தான். பேரைக் கேட்டா முன்தசிர்ங்கிறான். அப்போ போடான்னா, 'அது எங்கம்மாவுக்கு'ங்கிறான் துரை!"

இன்ஷிராஹ் தரையில் மண்டியிட்டு அவனை இறுக்கிக்கொண்டாள். அவன் திமிறினான். கோபமாக இருந்தான்.

"அப்பா எவ்வளவு நேரமாக் கூப்பிடுறாரு. நீ ஏம்மா போகல?"

அவள் அவன் முகத்துப் பஞ்சு மிட்டாயைத் துடைத்துவிட்டாள். பிடித்த கையை மட்டும் தளர்த்தவில்லை.