சந்திரவல்லி வெளுத்ததும் கறுத்ததும்

எழுபத்தெட்டாம் வருஷம் போடி மேலத்தெருவில் சந்திரவல்லி வெளுக்க ஆரம்பித்தாள். தெருவே போய்ப் பார்த்தது. பார்க்காமல் இருந்தால் அது தெருவா?

பெருமையெல்லாம் அவள் அம்மா மொக்கம்மாளுக்குத்தான். கறுத்ததைத் தின்றால் பிள்ளையும் கறுக்கும் என்பது அவளுடைய தீர்மானம். முருங்கைக்கீரை, தட்டாம்பயறு, ஈரல் எதையும் மகள் கண்ணில் காட்டவில்லை. ஒரு வருஷமாகச் சோறு, ஜவ்வரிசிக் கஞ்சி, அப்பளம். எல்லாம் வெள்ளை.

மகளோ வாசல் தெளித்து நிமிர்வதற்குள் மூச்சு வாங்கினாள். நாக்கு வழுவழுவென்று சிவந்து, குழம்பு பட்டால் எரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமும் எடுத்துப் பார்த்தார்.

“இது நிறமில்லம்மா, ரத்த சோகை. வெறும் இரும்பு டானிக் குடிச்சுத் தீராது. கீரையில, பயறுல, ஈரல்ல இருக்கிற வைட்டமின் இல்லாம ரத்தம் சரியா ஊறலை. இந்த மாத்திரையைக் குடுங்க, கீரையும் போடுங்க.”

மொக்கம்மாள் மாத்திரையை முந்தியில் முடிந்துகொண்டாள். “கல்யாணம் முடியட்டும் ஆத்தா. இப்பக் கறுத்துட்டா ராசிங்காபுரத்துச் சம்பந்தம் என்னாகும்?”

“அதுவரைக்கும் நான் இருக்கணும்ல?” என்றாள் மகள்.

மாப்பிள்ளையின் அம்மா குருவம்மாள் லேசுப்பட்டவள் இல்லை. போடிமெட்டுக்கு மேலே அவர்களுக்கு ஏலத்தோட்டம். மருமகள் மேடேற வேண்டும். அதனால் பெண் பார்க்க மலைக்கோயிலுக்கு வரச்சொன்னாள். அடிவாரத்தில் முகத்தைப் பார்த்து, “நல்ல நெறம்” என்றாள். பிறகு, “வெரசா ஏறு ஆத்தா” என்றாள்.

பாதிகூட ஏறவில்லை, சந்திரவல்லி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

குருவம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். “மதினி, இது காசம்ல? மறைச்சுக் கட்டிக்குடுக்கப் பாத்தீகளோ?”

மொக்கம்மாளுக்குக் காற்றில் விட்ட டாக்டர் பேச்செல்லாம் அந்த நொடியில் வரிசையாக ஞாபகம் வந்தது.

“காசமுமில்ல கீசமுமில்ல! கீரை திங்காம ரத்தம் ஊறல. நாந்தே குடுக்கல, போதுமா? வைட்டமின் மதினி, வைட்டமின்!” என்று கத்தி, முந்தியை அவிழ்த்து, எல்லோர் முன்னாலும் மகள் வாயில் மாத்திரையைப் போட்டாள்.

“ஆவணி வரைக்கும் பொறுக்கேன். இந்த மலைய ஏறிக் காட்டட்டும்” என்று குருவம்மாள் நடையைக் கட்டினாள்.

அன்றிலிருந்து மொக்கம்மாள் அடுப்பில் கீரை வேகாத நாளில்லை. ஆட்டு ஈரலுக்குக் கறிக்கடையில் முதல் ஆளாக நின்றாள். ஆடி பிறப்பதற்குள் சந்திரவல்லி கோயில் வரைக்கும் ஒரே மூச்சில் ஏறிவிட்டு வந்தாள். பழைய நிறமும் கூடவே வந்துவிட்டது.

மொக்கம்மாள் அவள் தாடையைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பி, தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்தினாள்.

“பாத்தீகளா, எம்புள்ள எப்பிடிக் கறுத்துட்டா!”