ரோட்டின் மேல் போட்ட பழி

தௌசீஃப் தன் டாக்ஸியை மெக்கானிக் ஷெட் வாசலில் நிறுத்தியபோது குணசேகரன் கை கழுவிக்கொண்டிருந்தான். மகள் மகிழினிக்குப் பள்ளியில் பரிசு கொடுக்கிறார்கள். மூன்று மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மணி இரண்டரை ஆகிவிட்டது.

பிரேக் அடித்தால் வண்டி முன்பக்கமாகக் குத்துகிறது, திருப்பத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெதுவாகத்தான் நிமிர்கிறது என்று தௌசீஃப் சொன்னான். பத்து வருஷச் சிநேகிதம். கொருக்குப்பேட்டையில் குணசேகரன் ஷெட் போட்ட நாளிலிருந்து அவன் தன் வண்டியை வேறு யார் கையிலும் விட்டதில்லை. குணசேகரன் ஈரக் கையோடு பானெட்டை ஓர் அமுக்கு அமுக்கி விட்டான். ஷாக் அப்சார்பர் நன்றாக இருந்தால் வண்டி ஒருமுறை எழும்பி நின்றுவிடும். இது எழும்பியது, அமிழ்ந்தது, மறுபடி எழும்பியது. குனிந்து சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தான். ஷாக் குழாய் மேல் ஆயில் கசிந்து, அதில் புழுதி கெட்டியாக அப்பியிருந்தது. இரண்டு பக்கமும் அதே கதை. கழற்றி மாட்ட அரைநாள் ஆகும். சொன்னால் இப்போதே பார் என்று உட்கார்ந்துவிடுவான்.

"ரோடு கலீஜா கீது, நைனா. வண்டி இன்னா பண்ணும்? அடுத்த வாரம் வா, பாத்துக்கலாம்" என்றான்.

கேட்க அது பொய் போலவும் இல்லை. கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட எண்ணூர் சாலையில் எந்த வண்டிதான் ஆடாமல் போகும்? சாலை ஆட்டுகிறதா, வண்டியே ஆடுகிறதா என்று அங்கே தினமும் ஓட்டுகிறவனுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதைக் கேட்கத்தான் அவன் மெக்கானிக்கிடம் வருகிறான். மேடையில் மகிழினி கோப்பையை வாங்கும்போதுதான் இது குணசேகரனுக்கு உறைத்தது. காலையில் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தபடியே கைதட்டினான். காலையில் மறந்துபோனான்.

மூன்றாம் நாள் திருவொற்றியூர் தாண்டி, தூறலில், முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. தௌசீஃப் பிரேக்கை மிதித்தான். குண்டும் குழியுமான இடம். டயர் தரையைப் பிடிக்காமல் தத்தித் தத்திப் போக, வண்டி லாரியின் பின்னால் இடித்தது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி இஷ்ரத்துக்குத் தொடை எலும்பு முறிந்தது.

குணசேகரன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இஷ்ரத் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். தான் கண்ணயர்ந்த நேரத்தில் கணவன் போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான் என்பது அவள் எண்ணம். தௌசீஃப் எத்தனை சத்தியம் செய்தும் அவள் நம்பவில்லை. நாலு நாளாக அவனோடு பேச்சும் இல்லை. அவளைப் பார்த்துப் பார்த்து அவனுக்கே தன் மேல் சந்தேகம் வந்திருந்தது.

"நாந்தான் பராக்குப் பாத்துகினு இருந்தேன் போல மாமு" என்றான்.

குணசேகரன் தலையாட்டியிருந்தால் போதும். அதோடு முடிந்திருக்கும். அந்தத் தலையாட்டலுக்குத்தான் தௌசீஃப் காத்திருப்பது போலவும் இருந்தது.

"அவன் மேல தப்பில்ல தங்கச்சி. ஷாக்கு ரெண்டும் போயிருந்திச்சு. எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் ரோடுன்னு சொல்லி அனுப்சேன்."

இஷ்ரத் திரும்பினாள். "ஏண்ணா?"

பள்ளி, பரிசு, மூன்று மணி என்று சொல்லக் குணசேகரனுக்குக் கூசியது. அவள் பார்வை அவனைத் தாண்டிக் கணவன் மேல் போனது. தௌசீஃப் அதைக் கவனிக்கவில்லை. செருப்புக்கூட மாட்டாமல் வெளியே போய்க்கொண்டிருந்தான்.

"கூட்டினு வாண்ணா" என்றாள் இஷ்ரத்.

வாசலில் சிமென்ட் பெஞ்சில் தௌசீஃப் உட்கார்ந்திருந்தான். குணசேகரன் சற்று இடம் விட்டு உட்கார்ந்து, இஷ்ரத் கூப்பிடுவதாகச் சொன்னான். அவன் எழுந்திருக்கவில்லை. கைத்தடியோடு ஒருவர் வந்து நடுவில் இடம் கேட்டார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். அவர் உறையிலிருந்து எக்ஸ்ரே படத்தை உருவி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். யாருடைய எலும்போ வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு பேரும் நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.