நாற்பது ஜோடிக் கால்கள்

அண்ணன் பக்கத்துச் செருப்புக்கடையை மூடாமல் இருப்பதற்கு விலை நாற்பது பேர், அவனே வாயால் சொன்ன விலை, முதலில் அறுபதில் நின்றான், அவள் இருபத்தைந்து என்றாள், அந்த வீட்டில் யாரும் எந்தக் காலத்திலும் முதல் விலைக்குத் தலையாட்டியதில்லை, பல் பிடுங்கப் போன இடத்தில் ரெண்டாப் பிடுங்கினா எவ்வளவு என்று கேட்ட அப்பாவுக்குப் பிறந்தவர்கள்... இழுத்துப் பறித்து நாற்பதில் முடிந்தது. தெருச்சந்தை அன்னிக்கு நாப்பது பேர் என் கடையில செருப்பு வாங்கினா சாவி என்கிட்டயே இருக்கும், இல்லன்னா திங்கக்கிழமை கட்டடச் சொந்தக்காரர்கிட்ட குடுத்துட்டு அந்தப் பெரிய அங்காடிக் கிடங்குல வேலைக்குச் சேர்ந்துடுவேன், நீ அழக் கூடாது. யார் அழப் போகிறார்கள், அவளா? அவளுக்கு அழ நேரமெங்கே, இப்போது மணி ஐந்து, சந்தை ஆறு வரை, இன்னும் ஒரு மணி நேரம் முழுசாகக் கையில் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் அப்பா ஒரு ஊரையே விற்றிருப்பார்.

பட்டன் கடையின் மேசைக்குப் பின்னால் நின்று அவள் யாரோ நீட்டிய அட்டையில் முத்திரை குத்தினாள், அட்டையில் பத்துக் கட்டம், கடைக்கு ஒன்று, பத்தும் நிறைந்தால் குலுக்கலில் பெயர் சேரும். பத்தொன்பது கடை இருந்த தெருவில் இன்று பத்துதான், புறவழிச்சாலையில் அங்காடி திறந்த பிறகு ஒவ்வொன்றாகக் கதவு சாத்திக்கொண்டன, வாயிலிருந்து ஒவ்வொரு பல்லாக உதிர்கிற கிழவனைப் போல. சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டினால் ஈயும் அங்காடிக்குத்தான் போகும் என்று சொல்லித்தான் இந்தச் சந்தையை அவள் ஆரம்பித்தாள், மாதம் ஒரு சனிக்கிழமை, வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெரு முழுக்கக் கடை. வண்டியை நிறுத்த நகராட்சிக் கையெழுத்து வேண்டும், ஆறு முறை நடந்தாள், ஏழாவது முறை அந்த அதிகாரியின் சட்டையில் ஒரு பட்டன் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது, கழற்றுங்க சார் என்றாள், அவர் திகைத்துக் கழற்றினார், தைத்து முடிப்பதற்குள் கையெழுத்து வந்துவிட்டது... ஏழு நடைக்கு ஒரு பட்டன், மோசமான வியாபாரம் இல்லை.

ஆனால் நாற்பது. காலையிலிருந்து அதுதான் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. சந்தைக்குக் கூட்டம் வரும், சரி, கூட்டம் ரொட்டி தின்னும், பூ வாங்கும், செருப்பு வாங்குமா, செருப்பு என்ன தினமும் தேய்கிற பொருளா? அதனால்தான் நேற்று அந்த நான்கு பேரிடம் பணத்தைக் கொடுத்தாள், தன் கடைக்கு ஜிப் வாங்க வரும் தையல்காரப் பெண்கள், அண்ணன் கடைப்பக்கம் அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள், ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிக்கோங்க, என் பேரைச் சொன்னா அடுத்த தடவை நூல் கிடையாது. இது ஏமாற்றா? இல்லை, விளக்குக்குத் தூண்டுகோல் வேண்டாமா, நாலே நாலு, மீதி முப்பத்தாறு தானாக வரும், நான்கு பேரைப் பார்த்து நாற்பது பேர் வருவார்கள், கூட்டம் கூட்டத்தைத்தானே கூட்டும். இப்படியெல்லாம் மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தவளிடம் ஒரு பெண் வந்து கறுப்புக் கால்சட்டைப் பட்டன் பன்னிரண்டு டஜன் கேட்டாள், விலை கேட்கவில்லை, ஓட்டை ரெண்டா நாலா என்றும் கேட்கவில்லை, பையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பட்டன் வாங்குகிறவள் ஓட்டையை எண்ணாமல் போவாளா... போகட்டும், வருகிற சீதேவியை வாசலில் நிறுத்தியா விசாரிப்பது.

ஐந்தரைக்கு ரொட்டிக்கடைக்காரர் வந்தார், முன்கையெல்லாம் மாவு, மிஞ்சிய இரண்டு ரொட்டியை மேசையில் வைத்தார், அவர் எதையும் சும்மா வைக்கிற ஆளில்லை.

"உங்க அண்ணன்கிட்ட ஒரு ஜோடி வாங்கிட்டேம்மா. குழந்தை சைஸு."

"உங்க வீட்ல ஏது குழந்தை?"

"பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு."

அவருக்குப் பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வு பெற்ற தபால்காரர், எண்பது வயது. அவள் அவரையே பார்த்தாள், அந்தப் பார்வையும் அப்பாவிடமிருந்து வந்ததுதான், எதிராளி தானாக விலையை இறக்கும் வரை பார்ப்பது. அவர் ரொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்தார். சரிம்மா, நாங்க எட்டுக் கடைக்காரங்களும் பேசி வச்சுக்கிட்டோம், ஆளுக்கு ஒண்ணு, உனக்குத் தெரியக் கூடாதுன்னு, பூட்டுக்காரன் இருக்கானே, அவன் குதிகால் வச்ச பொம்பள ஷூ வாங்கிட்டு வந்து நிக்கிறான், அவன் பொண்டாட்டி யாருக்குன்னு கேட்டுக்கிட்டே இருக்கா.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. எட்டு. அவளுடைய நான்கு. பன்னிரண்டு. வலது பைப் பணத்தை இடது பையில் போட்டுவிட்டுச் சம்பாதித்தோம் என்று மார்தட்டுகிற ஆட்களா நாம்... சந்தை வைத்தது யாருக்காக, வெளியே இருந்து கால்கள் வரத்தானே, தெருவின் கால்களே தெருவைச் சுற்றி வந்தால் அது சந்தையா, செக்கா? ஆனாலும் அந்த மனிதர், போன மாதம் அடுப்புக்கு எரிவாயுக் கட்டணம் கட்ட அவளிடமே கைமாற்று வாங்கிய மனிதர், குழந்தை செருப்பு வாங்கியிருக்கிறார். திட்டலாம் என்றால் நாக்கு எழவில்லை. அவர் அட்டையில் ஒரு முத்திரை குத்தி அனுப்பினாள்.

ஆறு மணிக்குத் தெருமுனையில் வண்டிகளுக்கு வழி திறந்தார்கள். அவள் பக்கத்துக் கடைக்குள் போனாள், அண்ணன் மண்டியிட்டுப் பெட்டிகளுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தான், முப்பது வருஷம் அடுத்தவர் காலடியில் உட்கார்ந்து வியாபாரம் செய்தவன், முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே யாரென்று சொல்லிவிடுவான், அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இவனிடமா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம்.

"எத்தனை?"

"நாப்பத்து மூணு." அவன் நிமிரவில்லை. "மூணு உனக்குத் தள்ளுபடி."

"நல்லா எண்ணினியாண்ணா?"

"எண்ணாம? ஒண்ணுதான் ஆச்சரியம். இந்தத் தெருவுல நிறையப் பேருக்கு இன்னிக்குக் கால் சுருங்கிப் போச்சு." மூடியை அழுத்தினான். "பூட்டுக்காரனுக்குக் குதிகால் முளைச்சிருக்கு."

அப்படியானால் தெரியும். தெரிந்தும் நாற்பத்து மூன்று என்கிறான். ஒருவேளை அவளுடைய அந்த நான்கு மட்டும் தெரியாதோ, இதை அவளே சொல்லிவிட்டால்... சொன்னால் பேரம் முறியும், விலை விலைதான், எட்டும் நாலும் போனால் ஒன்பது குறைவு, ஒன்பது குறைந்தாலும் குறைவுதான், அவன் திங்கட்கிழமை சாவியோடு எழுந்து போவான். அவள் வாயைத் திறந்தாள். அவன் மேசைக்கு அடியில் எதையோ முழங்காலால் உள்ளே தள்ளினான், அவசரமாக, ஆனால் அவள் பார்த்துவிட்டாள், அது அவள் கடைக் காகிதப் பை, வாய் கட்டியபடியே, பன்னிரண்டு டஜன் கறுப்புப் பட்டனின் கனத்தோடு. திறந்த வாயை மூடிக்கொண்டாள். கிடங்கு வேலைக்குப் போகிறவன் எதற்குப் பட்டன் கடைக்கு ஆள் அனுப்புகிறான்? இருக்க வேண்டும் என்று அவனுக்கே ஆசையா, அல்லது போவதற்கு முன் தங்கைக்கு ஒரு வியாபாரமா, சாவியைத் தூக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறானே, இது எத்தனை நாளைக்கு...

"அடுத்த சந்தை எப்ப?" என்றான் அவன், பெட்டியைப் பார்த்தபடி.

"அடுத்த மாசம், முதல் சனி. அந்தத் தடவை கடைக்காரங்க யாரும் எதுவும் வாங்கக் கூடாது. உன்னையும் சேர்த்துத்தான்."

அவள் காலி அட்டை ஒன்றைத் திருப்பி, அவன் மேசையிலேயே, அவனுக்குத் தெரியும்படியாகவே எழுதினாள். நாற்பத்து மூன்று. அதில் தெரு எட்டு, நான் நான்கு, இதை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றது, பிறகு எழுதியது. வெளியாள் முப்பத்தொன்று. பேசினது நாற்பது. பாக்கி ஒன்பது பேர்.